கோட்டு நடுவர்களின் அத்தை

"வரிசை எண் 31. பெயர்: லெபெக்கா வைபுலு. பெண். வயது: ஐம்பது (தோராயம்). பணி: பொருளறைத் துணை உதவியாளர், தற்காலிகம். கல்வி: தொடக்கநிலை. சிறப்புத் தகுதி: குறிப்பிடும்படி இல்லை. இவருக்குக் கீழ்ப் பணிபுரிவோர்: எவருமில்லை. முடிவெடுக்கும் அதிகாரம்: இல்லை. இப்பணியிடம் காலியாக இருப்பினும் போட்டிகளின் நடத்தையில் பாதிப்பு ஏதும் நேராது."

உதவி கொடுத்த நாட்டுக்கு எங்கள் அமைச்சகம் அனுப்பிய நிறைவறிக்கையின் பின்னிணைப்பில் இது இருக்கிறது. தட்டச்சு செய்தவன் நான்தான். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. மற்ற எல்லாப் பிழையும் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் பசிபிக் தீவுகளின் போட்டிகளை நடத்தும் முறை டோங்காவுக்கு வந்தது. எங்களிடம் அப்போது ஒரு ரக்பி மைதானமும், அதில் மேய்வதற்குப் போதுமான பன்றிகளும் இருந்தன. மற்றதெல்லாம் வெளியிலிருந்து வந்தது. ஒரு நாடு கைப்பந்துக்கு என்று கூரை போட்ட அரங்கம் கட்டிக் கொடுத்தது. இன்னொரு நாடு அதற்குள் மரத்தரை போட்டது. இந்த இரண்டு நாடுகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே ஒரே கட்டடத்தை ஒரே நாளில் இரண்டு தடவை திறந்தோம், காலையில் சுவரையும் மாலையில் தரையையும். இரண்டு விருந்துக்கும் தனித்தனியாகப் பன்றி சுட்டோம். அந்த வருஷம் தலைநகர் நூக்குஅலோஃபாவில் யாரும் மெலியவில்லை.

மூன்றாவது நாடு கட்டடம் எதுவும் தரவில்லை, ஹென்ரிக்கைத் தந்தது.

ஹென்ரிக் ஒல்லியான, வெயிலில் சீக்கிரம் சிவக்கிற மனிதர். நாற்பது பேரைக் கைப்பந்துக்குக் கோட்டு நடுவர்களாகப் பழக்குவது அவர் வேலை. பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கொடியைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை அவர் பத்து வாரம் சொல்லிக் கொடுத்தார். அவருடைய பேச்சை மொழிபெயர்க்க அமைச்சகம் என்னை அனுப்பியது. எங்கள் ஆட்களின் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. ஆகவே ஒன்றிலிருந்து நாற்பது வரை எண் போட்ட மஞ்சள் சட்டைகளை வரவழைத்து, ஆளுக்கு ஒரு எண் கொடுத்தார். எந்த ஆட்டத்துக்கு எந்த எண் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினார். அழகான பட்டியல். நாலு நிறத்தில்.

சட்டைகளைத் துவைத்து, மடித்து, காலையில் கொடுத்து, மாலையில் வாங்கி வைப்பது லெபெக்காவின் வேலை. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் அவளுடைய பொருளறை. அரைக்கதவுக்குப் பின்னால், எங்கள் ஊர் வழக்கப்படி இடுப்பில் பின்னிய பாய் சுற்றி, ஒரு பிஸ்கட் டின் மேல் உட்கார்ந்திருப்பாள். அகலமான உடம்பு. சிரித்தால் அரைக்கதவு ஆடும்.

அரசாங்கத்தின் பதவி வரைபடத்தில் அவள் எல்லோருக்கும் கீழே இருந்தாள். ஆனால் அந்த நாற்பது பேரில் இருபத்தாறு பேருக்கு அவள் ஏதோ ஒரு வழியில் அப்பாவின் சகோதரி. எங்கள் ஊரில் அத்தை சொன்னால் சொன்னதுதான். அத்தை வீட்டுக்குள் வந்தால் அப்பாவே பாயை விட்டு எழுந்து இடம் கொடுப்பார். அத்தைக்குப் பிடித்தது அந்த வீட்டில் என்ன இருந்தாலும், பன்றியே ஆனாலும், எடுத்துக்கொண்டு போகலாம். இதற்கு வரைபடத்தில் கட்டம் இல்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வட்டார விளையாட்டுச் சங்கத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் நிறுத்துகடிகாரம். எங்கள் பெண்கள் அணியை இரண்டாகப் பிரித்து அவர் முன்னால் ஆட விட்டோம். அரங்கம் நிறைந்திருந்தது. பெண்கள் அரைக்கால் சட்டையோடு தரையில் இறங்கினார்கள். ஹென்ரிக் விசில் ஊதினார்.

நாலு மூலையில் நின்ற நாலு பேரில் மூன்று பேர் கொடியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சகோதரி இருக்கும் அறையில் சகோதரன் உட்கார மாட்டான். ஒரு கேலிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் எழுந்து போய்விட வேண்டும். அவள் தொடை தெரிய ஓடும்போது மூன்றடி தள்ளிக் குனிந்து நின்று கோட்டைப் பார்ப்பது என்றால், அதை விடக் கடலில் குதித்துவிடலாம். சித்தப்பா மகள், மாமா மகள், அத்தை மகள் எல்லோருமே எங்களுக்குச் சகோதரிதான். தீவு சின்னது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் உறைந்துபோனது. டோங்காக்காரர்கள் விளையாட்டைப் பார்ப்பதே கத்திக் கேலி செய்யத்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ஆடுகிறவளின் அண்ணனாக இருந்தால் வாயைத் திறக்க முடியாது. எழுநூறு பேர் சவ அடக்கத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

ஹென்ரிக் நான் நின்றிருந்த பக்கம் திரும்பினாராம். "என்ன நடக்குது? வேலைநிறுத்தமா?"

விளக்கம் சொல்ல வேண்டிய மொழிபெயர்ப்பாளன் அங்கே இல்லை. மாற்று ஆட்டக்காரியாக என் பெரியம்மா மகள் தரையில் இறங்கிவிட்டாள். நான் அப்போது அரங்கத்துக்கு வெளியே மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆய்வாளர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். மறுபடி இப்படி நடந்தால் கைப்பந்து முழுவதும் அண்டை நாட்டுக்குப் போய்விடும் என்றார். அண்டை நாட்டுக்கு ஆண்கள் அணியை மட்டும் அனுப்பத்தான் எங்களிடம் வசதி இருந்தது.

ஹென்ரிக்கிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், கவனமாகக் கேட்டார், கேட்டுவிட்டு ஒரு படிவம் அச்சடித்தார். "உங்கள் சகோதரிகளின் பெயர்களை எழுதவும்" என்று போட்டு, கீழே மூன்று கோடு. ஃபிலிமோனே என்பவன் பின்பக்கமும் எழுதி, இன்னொரு தாள் கேட்டான். இன்னொருவன் "அறுபத்து நாலு, இன்னும் யோசிக்கிறேன்" என்று எழுதினான். ஹென்ரிக்குக் காது சிவந்தது.

"என்னைக் கிண்டல் பண்றாங்களா?"

"இல்லைங்க. பாதிப் பேரை மறந்து விட்டுட்டாங்க."

அவர் சிவப்பு மையால் ஒரு முடிவு எடுத்தார். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள் மட்டும்தான் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஐந்தே ஜோடி. அதில் நாலை மாற்றிப் பட்டியல் போட்டார். ஐந்தாவதை மாற்ற முடியவில்லை.

ஐந்தாவது ஜோடி கிட்டியோனேயும் செலுவையாவும். லெபெக்காவின் சொந்தத் தம்பி பிள்ளைகள். நாட்டில் சர்வதேசச் சான்றிதழ் வாங்கிய ஒரே தலைமை நடுவர் கிட்டியோனே. நாட்டில் பந்தை ஒழுங்காகத் தூக்கிக் கொடுக்கத் தெரிந்த ஒரே பெண் அவன் தங்கை செலுவையா. சான்றிதழ் வாங்கியவன்தான் பெண்கள் ஆட்டத்தில் உயர நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். ஹென்ரிக் கிட்டியோனேயைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த ஒரு ஆட்டத்தை நடத்திக்கொடுத்தால், தன் நாட்டில் இரண்டு வருஷப் படிப்புக்கான இடம் அவனுக்குத்தான் என்றார். மொழிபெயர்த்தது நான். அவன் ரொம்ப நேரம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சரி என்றான்.

அன்று சாயங்காலம் செலுவையா பொருளறைக்கு வந்து தன் நாலாம் எண் ஜெர்ஸியை அரைக்கதவு மேல் வைத்தாள். நான் உள்ளே லெபெக்காவோடு 'ஓட்டாய்' குடித்துக்கொண்டிருந்தேன். தர்பூசணியும் தேங்காய்ப் பாலும் போட்டு அவள் கலக்கும் அந்த ஓட்டாயைப் போல அப்புறம் நான் எங்கேயும் குடிக்கவில்லை.

"துவைக்கணுமா?" என்றாள் லெபெக்கா.

"வேண்டாம் அத்தை. வேற யாருக்காவது குடுங்க."

"உன் அளவு வேற எவளுக்கும் இல்லைடி. எல்லாம் என்னை மாதிரி இருக்காளுங்க."

செலுவையா சிரிக்கவில்லை. "அவர் மேல உக்காந்திருந்தா நான் இறங்க மாட்டேன்." அண்ணன் பெயரைக்கூட அவள் சொல்லவில்லை. "அவரையும் போகச் சொல்ல முடியாது. அந்தப் படிப்புக்குத்தான் நாலு வருஷமா காத்திருக்காரு. நான் ஆடலைன்னா அணி தோக்கும். அவர் உக்காரலைன்னா ஆட்டமே போயிரும். நான் ஆடாம இருக்கறதே மேல்."

"எத்தனை வருஷமா ஆடுறே?"

"பதினொண்ணு."

"அதுல உன் அப்பன் எத்தனை தடவை உன்னை அடிச்சான், ஆடப் போனதுக்கு?"

"நீங்க தடுக்கலைன்னா இன்னும் அடிச்சிருப்பாரு."

லெபெக்கா ஜெர்ஸியை எடுத்து மடித்தாள். தன் பிஸ்கட் டின்னைத் திறந்து அதற்குள் போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டாள். "போ. நாளன்னைக்குக் காலைல வந்து வாங்கிக்கோ."

அவள் போனதும் என்னிடம் திரும்பினாள். "உவாசி, அந்த வெள்ளைக்காரர் சுவத்துல ஒட்டியிருக்காரே, அதைப் படி."

"முழுசாவா?"

"சர்ச்சுல மட்டும் முழுசாக் கேக்கறேன்ல? படிடா."

படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"பன்னிரண்டு, வடக்கு மூலை. ஃபிலிமோனே."

"ஆகாது. அவன் பாட்டியும் அந்தக் குட்டைப் பொண்ணோட தாத்தாவும் கூடப் பொறந்தவங்க. அடுத்தது?"

"பத்தொன்பது. ஹெனெலி."

"அவனும் ஆகாது."

"அவன் வேற தீவுங்க. ஹாப்பாயிலேருந்து வந்தவன்."

"அவங்க அம்மா ஒரு புயல் வருஷத்துல இங்கே வந்து ஒம்போது மாசம் இருந்தா. அப்போ யார் வீட்டுல சோறு தின்னா? அந்த வீட்டுப் பொண்ணுதான் இப்ப அணியில எட்டாம் நம்பர். ஒரே பானைச் சோறு தின்னா அப்புறம் என்ன?"

இப்படியே நாற்பது பேர். ஒரு தாளைக்கூட அவள் தொடவில்லை. ஹென்ரிக்கின் பத்து வாரமும் நாலு நிறமும் ஒரு குடுவை ஓட்டாய் தீர்வதற்குள் தீர்ந்துபோயின.

"சரி, இதை நான் அவர்கிட்டச் சொல்லிப் பட்டியலை மாத்தச் சொல்லவா?"

"எதுக்குப் பட்டியலை மாத்தணும்? அவரு என்ன மூஞ்சியா பாக்குறாரு? நம்பரைத்தானே பாக்குறாரு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பன்னிரண்டாம் எண் வடக்கு மூலையில்தான் நிற்கும். பன்னிரண்டாம் எண்ணுக்குள் யார் இருப்பது என்பது அரைக்கதவுக்குப் பின்னால் இருப்பவளின் விஷயம்.

"கிட்டியோனே? அவனுக்கு நம்பர் இல்லையே. அவன் மூஞ்சி ஹென்ரிக்குக்குத் தெரியுமே."

"அதை அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

ஆய்வு நாள் வந்தது. காலையிலேயே அரைக்கதவுக்கு முன்னால் வரிசை நின்றது.

"அத்தை, என்னோடது முப்பத்து மூணு. இது ஏழு."

"இன்னைக்கு நீ ஏழு."

"ஏழு எனக்குப் பத்தாது. தொப்புள் தெரியும்."

"தெரியட்டும். அந்த மூலையில உனக்குத் தங்கச்சி யாரும் இல்லை, எவ வேணா பாத்துக்கலாம்."

வரிசை முழுவதும் சிரிப்பு. "அத்தை, என்னையும் தங்கச்சி இல்லாத மூலையாப் பாத்துப் போடுங்க, இன்னும் கல்யாணம் ஆகலை" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "உனக்கு எந்த மூலையிலயும் ஆகாது, போடா" என்றாள்.

வேடிக்கை பார்க்க வந்த அண்ணன் தம்பிகளையும் வாசலிலேயே ஒவ்வொருவராகப் பார்த்து, "உள்ளே போ", "நீ மாமரத்தடிக்குப் போ, ரேடியோ இருக்கு" என்று பிரித்தாள். தானே போக வேண்டும் என்று தெரிந்திருந்தும், அத்தை சொன்ன பிறகு போவதில் ஒரு மரியாதை இருந்தது.

கடைசியாகக் கிட்டியோனே வந்தான். தேய்த்த வெள்ளைக் கால்சட்டை, நெஞ்சில் பெயர் அட்டை. முகம் மட்டும் தேய்க்கப்படாமல் இருந்தது.

"கிட்டியோனே, உள்ளே மேல் தட்டுல வலையோட அளவுகோல் இருக்கு. எனக்கு எட்டலை. எடுத்துக் குடு."

"நேரமாச்சு அத்தை."

"எடுத்துக் குடுடா."

அவன் உள்ளறைக்குள் போனான். லெபெக்கா எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியை இடுப்புப் பாய்க்குள் செருகிக்கொண்டாள். அதன்பின் அந்த இடத்திலிருந்து சாவியை எடுக்க உலகத்தில் எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

துணை நடுவன் பெனிசிமானி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அந்த அணியில் ஒரு சகோதரியும் இல்லை, அவன் குடும்பம் தூரத் தீவிலிருந்து போன வருஷம்தான் வந்தது. சான்றிதழும் இல்லை. லெபெக்கா அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். "ஏறு."

செலுவையா தன் நாலாம் எண்ணில் தரையில் இறங்கினாள். உயர நாற்காலியை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே பெனிசிமானி உட்கார்ந்திருந்தான். அவள் பந்தை வாங்கி இரண்டு தடவை தரையில் தட்டினாள்.

கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் எழுந்து, எதிர்ப்பக்கப் பெண்ணின் இடுப்பைப் பற்றி இங்கே எழுத முடியாத ஒன்றைக் கத்தினார். அரங்கம் இடிந்த மாதிரி சிரித்தது. ஆய்வாளர் திடுக்கிட்டு, பிறகு தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். 'பார்வையாளர் ஈடுபாடு' என்று ஒரு கட்டம் இருந்தது என்று பிறகு தெரிந்தது. முதல் முறை அதில் பூஜ்யம்.

ஹென்ரிக் என்னை இழுத்துக்கொண்டு பொருளறைக்கு வந்தார். "கிட்டியோனே எங்கே?"

மொழிபெயர்த்தேன். லெபெக்கா தோளைக் குலுக்கினாள்.

உள்ளறையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது.

"உள்ளே யாரு?"

"பந்துங்க வச்சிருக்கு."

"பந்து இருமுமா?"

"புழுதியா இருக்கு" என்றாள் லெபெக்கா. நான் அப்படியே மொழிபெயர்த்தேன்.

ஹென்ரிக் கதவைப் பார்த்தார். அது உதவியாக வந்த ஒட்டுப்பலகைக் கதவு. கிட்டியோனே ஆறடி இரண்டங்குலம். ஒரு உதைக்குத் தாங்காது. உள்ளேயிருந்து ஒரு தட்டல்கூட வரவில்லை. ஹென்ரிக் அப்புறம் அரங்கத்தைப் பார்த்தார். நாலு மூலையிலும் நாலு பேர் குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் எண் ஆசாமிக்குத் தொப்புள் தெரிந்தது. பத்து வாரமாக முப்பத்து மூன்று என்று அவர் கூப்பிட்ட ஆள் அவன். ஹென்ரிக் ஒன்றும் முட்டாள் இல்லை.

"அவனோட படிப்பு போயிடும்னு இவங்களுக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

லெபெக்கா பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும்னு சொல்லு" என்றாள். "அவன் மாட்டேன்னு சொல்லலை, அத்தை பூட்டிட்டான்னு சொல்லு. அவளும் மாட்டேன்னு சொல்லலை. நாளைக்கு எங்க அப்பன் செத்தா, ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ நிக்கணும். அதுக்கு நான் பதில் சொல்லணும், அவர் சொல்ல வேண்டாம்."

ஹென்ரிக் நடுவர்களின் பெயர் எழுதிய தன் அட்டையை எடுத்தார். கிட்டியோனே என்ற பெயரை அடித்தார். பெனிசிமானி என்று எழுதினார். அந்தப் பெயரை ஒரு பிழையும் இல்லாமல் எழுதியதை நான் கவனித்தேன். அட்டையை எடுத்துக்கொண்டு போய், சான்றிதழைப் பற்றி ஆய்வாளரிடம் ஏதோ நீளமாகப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. திரும்பி வந்து அரைக்கதவு மேல் சாய்ந்துகொண்டார்.

"இனிமே பட்டியலை நான் போடணுமா, வேண்டாமா?"

"போடட்டும்" என்றாள் லெபெக்கா. "சுவரு வெறிச்சுன்னு இருக்கக் கூடாது."

ஆய்வாளர் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார். போட்டிகள் நடந்தன. ஞாயிறைத் தவிர்த்துப் பதினோரு நாள். எங்கள் பெண்கள் மூன்றாவதாக வந்தார்கள். எங்களுக்கு அது முதலாவதை விடப் பெரிது.

ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு அரங்கம் ஞாபகம் வருவதில்லை, மாமரம்தான் வருகிறது. செலுவையா ஆடும் நேரங்களில் அதன் கீழே நாற்பது ஐம்பது அண்ணன் தம்பிகள் உட்கார்ந்திருப்போம். நடுவில் ஒரு ரேடியோ. சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் கத்தும்போது இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும், ஆனால் என்ன நடந்தது என்று ரேடியோ சொன்ன பிறகுதான் நாங்கள் கத்துவோம். ஒவ்வொரு புள்ளியும் இரண்டு தடவை வந்தது. வர்ணனையாளர் ஆட்டக்காரிகளைப் பற்றிக் கேலியாக ஏதாவது சொல்லிவிட்டால், அவரவர் சகோதரியைப் பொறுத்து நாலைந்து பேர் எழுந்து வேலி வரை நடந்துவிட்டுத் திரும்புவார்கள். கிட்டியோனே எழுந்ததில்லை. ரேடியோவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் கையால் சைகை காட்டிக்கொண்டிருப்பான். உள்ளே, வெளியே, உள்ளே. வெண்கலப் பதக்க ஆட்டத்தின் கடைசிப் பந்துக்கு ரேடியோ சொல்வதற்கு முன்னாலேயே 'உள்ளே' என்று காட்டினான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சத்தத்துல தெரியுது" என்றான்.

படிப்புக்குப் பெனிசிமானி போனான். அங்கேயே இருந்துவிட்டான். கிறிஸ்துமஸுக்குப் பனியில் நிற்கும் படம் அனுப்புவான். கிட்டியோனே முப்பது வருஷம் அந்த அரங்கத்திலேயே நடுவராக இருந்தான். தங்கை ஆடிய எந்த ஆட்டத்தையும் அவன் பார்த்ததில்லை. அத்தையைப் பற்றி அவன் ஒரு தடவைதான் பேசினான். "அவங்க பூட்டினப்போ எனக்கு மூச்சு வந்துச்சு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு வருஷம் கோபமும் வந்துச்சு" என்றான். லெபெக்கா இறந்தபோது சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவன் அவன். செலுவையா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அரங்கக் கூரை இப்போது மூன்று இடத்தில் ஒழுகுகிறது. சுவர் கொடுத்த நாடும் தரை கொடுத்த நாடும் ஒழுகல் தங்களுடையது இல்லை என்கின்றன. மாமரத்தைப் புயல் சாய்த்துவிட்டது. ஹென்ரிக்கின் பட்டியல் முறை நன்றாக வேலை செய்ததாக நிறைவறிக்கையின் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். முப்பத்தொன்றாம் வரிசையையும் அப்படியே விட்டேன். திருத்தலாமா என்று லெபெக்காவிடம் கேட்டிருந்தேன். "எதுக்கு? அதைப் பாத்துட்டு எனக்கு ஒரு வேலை குடுத்துருவாங்க" என்றாள்.

லெபெக்கா வைபுலு ஆய்வு நாளன்றும் போட்டி நடந்த பதினோரு நாளும், காலையில் நாற்பது மஞ்சள் சட்டைகளை ஆள் மாற்றிக் கொடுத்தாள். ஒரு தடவை தம்பி மகனைப் பொருளறைக்குள் வைத்துப் பூட்டினாள்.